சிறைக் காவலரின் அதிகாரமும் கைதியின் உரிமையும்: சட்டம் என்ன சொல்கிறது?

இரண்டாம் நிலைச் சிறைக் காவலராகத் தேர்வாகிப் பயிற்சிக்குக் காத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது: “கைதிக்குத்தான் எல்லா உரிமையும், காவலருக்கு ஒன்றும் கிடையாது என்று வேலையில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். சட்டப்படி கைதிக்கு என்னென்ன உரிமை? எனக்கு எதுவரை அதிகாரம்? பிரச்சினை வந்தால் யார் மாட்டுவது? மேலே இருப்பவர் ஒரு கைதியை அடிக்கச் சொன்னால் நான் என்ன செய்வது?”

தம்பி, நான் சட்ட உதவி வழக்கறிஞராக 18 வருடமாகச் சிறைக்குள் போய் வருகிறேன். கைதிகளுக்காகத்தான் வாதாடுகிறேன் என்றாலும், மாட்டிக்கொண்டு தவித்த காவலர்கள் சிலரையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் கெட்டவர்கள் இல்லை. சேர்ந்த நாளில் சட்டத்தை யாரும் சொல்லித் தரவில்லை, கூட இருந்தவர் செய்ததைப் பார்த்து அவர்களும் செய்தார்கள். நீங்கள் சேர்வதற்கு முன்பே கேட்கிறீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த சீனியர்கள் சொன்னதை எடுத்துக்கொள்வோம். கைதிக்கு ஒரு உரிமை கூடினால் காவலருக்கு ஒன்று குறைகிறது என்கிற மாதிரி அவர்கள் பேசுகிறார்கள். சட்டம் இதை அப்படிப் பார்க்கவில்லை. ஒருவரைச் சிறைக்கு அனுப்பும்போது நீதிமன்றம் அவரிடமிருந்து எடுத்துக்கொள்வது நடமாடும் சுதந்திரத்தை. அதோடு ஒட்டிக்கொண்டே போகிற சிலவும் உண்டு. விரும்பிய ஊரில் குடியிருப்பது, விரும்பிய தொழில் செய்வது போன்றவை. மற்றதெல்லாம் அவரோடு சேர்ந்து உள்ளே வந்துவிடுகிறது. ஆனால் சாவி உங்கள் இடுப்பில் இருக்கிறது. தண்ணீர், டாக்டர், வக்கீலுக்கு ஒரு கடிதம் என்று எது வேண்டுமானாலும் அவர் உங்களிடம்தான் கேட்டாக வேண்டும். அதனால் கைதியின் உரிமை என்று சட்டப் புத்தகத்தில் இருப்பது ஒவ்வொன்றும் உங்கள் டூட்டியில் ஒரு வேலையாக வந்து நிற்கும். அந்த வேலையை ஒழுங்காகச் செய்து எழுதியும் வைத்திருந்தால், நாளைக்கு உங்களைக் காப்பாற்றப்போவதும் அதுதான்.

இதை உச்ச நீதிமன்றம் சொன்ன விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். விசாகப்பட்டினம் மத்திய சிறையில் இருந்த நக்சலைட் கைதிகள், சுவர்மேல் மின்கம்பி போட்டிருப்பதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1974-ல் தீர்ப்பு வந்தது. தண்டனை பெற்றுவிட்டார் என்பதற்காக ஒருவர் அடிப்படை உரிமைகள் அத்தனையையும் இழந்துவிடுவதில்லை என்று அதில் தெளிவாகச் சொன்னார்கள். அதே தீர்ப்பில், தப்பிச் செல்லும் உரிமை என்று ஒன்று யாருக்கும் கிடையாது, சுவர் ஏறாதவருக்கு அந்தக் கம்பியால் ஆபத்தில்லை என்று சொல்லி வழக்கைத் தள்ளுபடியும் செய்தார்கள். உங்கள் வேலையின் எல்லை முழுக்க இந்த ஒரு தீர்ப்பிலேயே இருக்கிறது. தப்பவிடாமல் காப்பது உங்கள் அதிகாரம். அதற்குத் தேவைப்படாத எதையும் பறிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை.

“தேவைப்படாத எதையும்” என்றால் எவ்வளவு தூரம்? மகாராஷ்டிராவில் காவலில் இருந்த ஒருவர் அணு அறிவியல் பற்றி மராத்தியில் ஒரு புத்தகம் எழுதினார். கையெழுத்துப் பிரதியை வெளியே அனுப்ப அரசு மறுத்தது. அதைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று 1965-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் ஊரிலும் ஒரு வழக்கு உண்டு. தூக்குத்தண்டனை பெற்றிருந்த ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட வாழ்க்கைக் கதையை வெளியிடக் கூடாது என்று நக்கீரன் பத்திரிகைக்குச் சிறைத்துறைத் தலைவரிடமிருந்து கடிதம் போனது. அவரோடு தொடர்பில் இருந்த அதிகாரிகளின் பெயர் அதில் வரும் என்ற நிலை. அச்சாவதற்கு முன்பே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமை இல்லை, பொய் என்றால் வெளிவந்த பிறகு அவதூறு வழக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்று 1994-ல் தீர்ப்பானது. எனவே கைதி எழுதுகிற காகிதத்தைப் பார்த்தாலே பிடுங்கிக் கிழிப்பது, “என்னடா எழுதுற” என்று அதட்டுவது எல்லாம் வேண்டாம். தணிக்கைக்கு என்று விதிமுறை இருக்கிறது, அதைப் பார்க்க அதிகாரி இருக்கிறார்.

அப்புறம், உள்ளே இருப்பவர்கள் யார் என்பதையும் மனதில் வையுங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் விசாரணைக் கைதிகள் மட்டும் 75.8 சதவீதம். அதாவது நான்கு பேரில் மூன்று பேர் மீது குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவே இல்லை. இடமோ 100 பேருக்கு இருந்தால் 131 பேர் இருந்தார்கள். விசாரணைக் கைதியைத் தண்டனைக் கைதியோடு சேர்த்து வைக்கக் கூடாது என்று 1894-ஆம் வருடச் சிறைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவே சொல்கிறது. அவரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க முடியாது. வெளியிலிருந்து உணவும் உடையும் பெற விதிகளுக்கு உட்பட்டு அனுமதி உண்டு. வக்கீலோடு அவர் பேசும்போது பார்வை எட்டும் தூரத்தில் நிற்கலாம், காது எட்டும் தூரத்தில் நிற்கக் கூடாது. நான் கைதியிடம் பேசும்போது பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்ட காவலர்கள் உண்டு. கெட்ட எண்ணம் இருக்காது, பழக்கம்தான். ஆனால் அந்த மனிதர் அன்றைக்குச் சொல்ல வந்ததைச் சொல்லாமலேயே போய்விடுவார்.

இப்போது எல்லோரும் தவறுகிற இடத்துக்கு வருகிறேன். அது தண்டிப்பது.

கைதி ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். அதே சிறைச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் சிறைக் குற்றங்கள் என்று நீளமான ஒரு பட்டியலே இருக்கிறது. அடிதடி, மிரட்டும் பேச்சு, ஒழுக்கக்கேடு, பொருளைச் சேதப்படுத்துவது, வேண்டுமென்றே வேலை செய்யாமல் இருப்பது, நோய் வந்ததுபோல் நடிப்பது, தடைசெய்த பொருளை வைத்திருப்பது, தப்பிக்கச் சதி செய்வது என்று எல்லாம் அதில் வரும். காவலரின் சட்டபூர்வமான உத்தரவுக்குக் கீழ்ப்படிவது கைதியின் கடமை. மீறினால் சலுகை போகும், நன்னடத்தைக்குக் கிடைக்கிற தண்டனைக் குறைப்பு போகும், செயல் பெரிதாக இருந்தால் தனியாகக் கிரிமினல் வழக்கும் வரும். தப்பி ஓடினால் அது புதிய குற்றம், புதிய தண்டனை. சக கைதியை மிரட்டி அவர் சாப்பாட்டையும் பீடியையும் பிடுங்குகிறவரைப் பிடித்துக் கொடுப்பது உங்கள் வேலை. மெலிந்த கைதிக்கும் உரிமை இருக்கிறது, அவருக்கு உங்களை விட்டால் வேறு யாரும் இல்லை.

ஆனால் 46-ஆம் பிரிவைப் படியுங்கள். விசாரித்து, குற்றம் நடந்ததா என்று முடிவுசெய்து, தண்டனை தரும் அதிகாரம் அங்கே சிறைக் கண்காணிப்பாளருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. காவலருக்கோ தலைமைக் காவலருக்கோ ஜெயிலருக்கோ இல்லை. கொடுத்த தண்டனையைத் தண்டனைப் பதிவேட்டில் எழுத வேண்டும். வெயிலில் நிற்க வைப்பது, முட்டி போடச் சொல்வது, ‘மனு’ பார்க்க, அதாவது கைதியைச் சந்திக்க, வந்த வீட்டாரைத் திருப்பி அனுப்புவது எல்லாம் “சின்னச் சின்ன” தண்டனையாகத் தோன்றலாம். எந்தப் பதிவேட்டிலும் வராத தண்டனை சட்டத்தின் கண்ணில் தண்டனையே இல்லை, அத்துமீறல். உங்கள் வேலை பார்த்ததை எழுதிக் கொடுப்பதோடு முடிகிறது.

கண்காணிப்பாளரின் கையையும் சட்டம் கட்டித்தான் வைத்திருக்கிறது. திகார் சிறையில் தூக்குத்தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா தொடுத்த வழக்கில், மேல்முறையீடும் கருணை மனுவும் முடியாத ஒருவரைத் தனிமைச் சிறையில் போட முடியாது என்று 1978-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே பத்ரா அடுத்த வருடம் ஒரு நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். தனக்காக எழுதவில்லை. ஒரு வார்டர், அதாவது சிறைக் காவலர், பணம் பறிப்பதற்காக இன்னொரு கைதியைக் கொடூரமாகச் சித்திரவதை செய்துவிட்டார் என்று எழுதினார். அந்தக் கடிதத்தையே நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது. தனிமைச் சிறை, கடினமான தண்டனை, சலுகை மறுப்பு போன்ற எதுவானாலும் செஷன்ஸ் நீதிபதியின் பரிசீலனை வேண்டும், கைதிகள் புகார் போடப் பெட்டி வைக்க வேண்டும், அவர்களுக்கு உரிமைகளைச் சொல்லும் கையேடு அவர்கள் மொழியில் தர வேண்டும் என்றெல்லாம் அதில்தான் உத்தரவு வந்தது. கைதி எழுதும் கடிதத்தை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

சரி, பலம் பிரயோகிக்கவே கூடாதா? கூடும். தப்பி ஓடுவதைத் தடுக்க, கலவரத்தை அடக்க, உங்களையோ மற்றவரையோ தாக்குவதைத் தடுக்க, சட்டபூர்வமான உத்தரவை உடல் பலத்தால் எதிர்ப்பவரைக் கட்டுப்படுத்த. எவ்வளவு தேவையோ அவ்வளவு, எதிர்ப்பு நிற்கும்வரை. எதிர்ப்பு நின்ற பிறகு விழுகிற ஒரு அடி, தண்டனை நோக்கத்தோடு விழுந்த அடி. அதற்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஒருவர் திமிறுகிறார், நான்கு பேர் சேர்ந்து அவரைக் குப்புறப் படுக்கவைத்து, கைகளைப் பின்னால் மடக்கி, முதுகில் முழங்காலை ஊன்றிவிட்டீர்கள். நெஞ்சு தரையில் அழுந்தியிருக்கிறது, முதுகில் பாரம். நுரையீரல் விரிய இடமில்லை. அவர் மூச்சுக்காகத் திமிறுவார், உங்களுக்கு அது எதிர்ப்பாகத் தெரியும், இன்னும் அழுத்துவீர்கள். சில நிமிடங்களில் உயிர் போய்விடலாம். கட்டுக்குள் வந்ததும் உடனே பக்கவாட்டில் திருப்புங்கள், உட்காரவையுங்கள். “மூச்சு முட்டுது” என்று சொல்பவர் நடிக்கிறாரா இல்லையா என்று நாம் முடிவுசெய்யக் கூடாது. டாக்டர் பார்க்கட்டும். பிறகு என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, யார் யார் இருந்தார்கள், எப்போது டாக்டரிடம் போனார் என்று அன்றைக்கே எழுதுங்கள்.

கைவிலங்கு பற்றி ஒரு வரி. நீதிமன்றத்துக்கு வழிக்காவல் போவது பெரும்பாலும் ஆயுதப்படைப் போலீஸ்தான். இருந்தாலும் தெரிந்துகொள்ளுங்கள்: கைவிலங்கு வழக்கமாகப் போடுகிற விஷயமில்லை என்று 1980-லும், மாஜிஸ்திரேட் அனுமதி வேண்டும் என்று 1995-லும் உச்ச நீதிமன்றம் சொன்னது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-ஆம் பிரிவு, சில வகைக் கடும் குற்றங்களில் கைதுசெய்யும்போதும் நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தும்போதும் போலீஸ் அதிகாரி பயன்படுத்த இடம் தருகிறது. சிறைக்குள் உங்களுக்கு அது பொருந்தாது.

மருத்துவம் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காவலர்கள் அதிகமாக மாட்டுவது இங்கேதான். உள்ளே வரும் ஒவ்வொருவரையும் சோதித்து, உடம்பில் இருக்கும் காயம், தழும்பு எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்று சிறைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு சொல்கிறது. சடங்குக்காகப் போட்ட விதி இல்லை இது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் அடிபட்ட தந்தையும் மகனும் ரிமாண்டாகிக் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு வந்த பிறகுதான் அடுத்தடுத்து இறந்தார்கள். வாசலில் ஒருவர் நொண்டிக்கொண்டே வந்தால், உட்கார முடியாமல் நின்றால், துணியில் ரத்தம் இருந்தால், அதை எழுதாமல் உள்ளே எடுப்பது இரண்டு பேருக்கும் செய்கிற துரோகம். அவருக்குச் சிகிச்சை கிடைக்காமல் போகிறது, வெளியில் விழுந்த அடிக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவருகிறது.

37-ஆம் பிரிவை மனப்பாடமே செய்துகொள்ளுங்கள். உடம்பு சரியில்லை என்று சொல்கிற, அல்லது பார்த்தாலே அப்படித் தெரிகிற கைதியைப் பற்றி, அவரை நேரடிப் பொறுப்பில் வைத்திருக்கும் காவலர் தாமதமில்லாமல் ஜெயிலருக்குத் தெரிவிக்க வேண்டும். நேரடிப் பொறுப்பு என்றால் இரவு பாராவில், அதாவது காவல் சுற்றில், இருக்கிற நீங்கள்.

நான் பார்த்த ஒரு விசாரணையைச் சொல்கிறேன். ஊர், பெயர் வேண்டாம். லாக்கப் முடிந்து, அதாவது கைதிகளை அறையில் வைத்துப் பூட்டிய பிறகு, நடுராத்திரியில் ஒரு கைதிக்கு நெஞ்சுவலி. விடிவதற்குள் இறந்துவிட்டார். நான் அவர் குடும்பத்தின் பக்கம் இருந்தேன். பாரா காவலர் சின்னப் பையன், உங்கள் வயதுதான் இருக்கும். அவன்மேல்தான் எல்லாரும் விரலை நீட்டினார்கள். அவன் பாரா புத்தகத்தைத் திறந்து காட்டினான். எத்தனை மணிக்கு அந்தக் கைதி கம்பியைத் தட்டினார், எத்தனை மணிக்கு இவன் மேலே தகவல் சொன்னான், பதில் வராததால் எத்தனை மணிக்கு மறுபடி சொன்னான் என்று நீல மையில் நான்கு வரி. அந்த நான்கு வரி இல்லை என்றால் வேலை மட்டுமல்ல, இன்னும் நிறையப் போயிருக்கும். அந்தக் குடும்பத்துக்கும் என்ன நடந்தது என்று தெரிந்தது அந்த நான்கு வரியால்தான்.

காவலில் ஒருவர் இறந்தால் நடைமுறை கடுமையானது. 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். போலீஸ் விசாரணை தனி. அதோடு நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவின்படி நீதித்துறை மாஜிஸ்திரேட்டும் விசாரிப்பார். பிரேதப் பரிசோதனை வீடியோவில் பதிவாகும். இழப்பீடு தனி. அடித்துத்தான் என்று இல்லை, காக்கத் தவறினாலும் அரசு பொறுப்பு. ஆந்திராவில் 1977-ல் ஒரு கிளைச் சிறையில் தந்தையும் மகனும் இருந்தார்கள். தங்கள் உயிருக்கு ஆபத்து என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். காவலுக்கு இருக்க வேண்டிய ஆட்கள் அன்றிரவு இல்லை. எதிரிகள் வெடிகுண்டு வீசி உள்ளே புகுந்து தந்தையைக் கொன்றார்கள். அரசு தன் இறையாண்மையைச் சொல்லித் தப்பிக்க முடியாது, இழப்பீடு கொடு என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனித உரிமை ஆணையம் இழப்பீடு பரிந்துரைத்தால் அரசு அதைத் தவறுசெய்த அதிகாரியிடமிருந்தே வசூலிக்கலாம் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் சொல்லியிருக்கிறது. “எனக்கு மிரட்டல் இருக்கு சார், வேற பிளாக்குக்கு மாத்துங்க” என்று ஒருவர் சொன்னால், காதில் வாங்கி, எழுதி, மேலே அனுப்புங்கள்.

அடுத்தது காகிதங்கள். கேட்க அலுப்பாக இருக்கும், ஆனால் ஒரு மனிதரின் வருடங்கள் அதில்தான் போகின்றன. 1978-ல் ஹோஸ்கோட் வழக்கு என்று ஒன்று. மேல்முறையீடு செய்ய நான்கு வருடம் தாமதம். காரணம் கேட்டால், தீர்ப்பு நகலே கையில் கிடைக்கவில்லை என்றார் கைதி. நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும், சிறை அதைக் கைதியிடம் சேர்த்து எழுத்தில் ஒப்புகை வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சிறையிலிருந்தே மேல்முறையீட்டு மனு கொடுக்கலாம், அதை நீதிமன்றத்துக்கு அனுப்புவது சிறை அதிகாரியின் கடமை. காவலில் இருக்கும் எவருக்கும், பணக்காரரானாலும் ஏழையானாலும், 1987-ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி இலவச வக்கீல் உண்டு. இது பல கைதிகளுக்குத் தெரியாது. அவர்களிடம் சொல்ல உங்களுக்கு அரை நிமிடம் ஆகும்.

இதைவிடப் பெரிதாக நான் நினைப்பது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு. விசாரணைக் கைதி ஒருவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தை உள்ளேயே கழித்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும். முன்பு தண்டனையே பெறாத, முதல் தடவை வந்தவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். தூக்கு அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது கிடையாது, பல வழக்குகள் நிலுவையில் இருப்பவருக்கும் கிடையாது. ஆனால் நீங்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: அந்தக் காலம் முடிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுதி விண்ணப்பிக்க வேண்டியது கைதியோ வக்கீலோ இல்லை, சிறைக் கண்காணிப்பாளர். சட்டமே அவர்மேல் அந்தக் கடமையைப் போட்டிருக்கிறது. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் பிளாக்கில் யார் எத்தனை நாளாக இருக்கிறார் என்று உங்களுக்குத்தான் தெரியும். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் கிடப்பவர் யார் என்பதும் தெரியும். ஜாமீன் உத்தரவு வந்து ஏழு நாளாகியும் ஒருவர் போகவில்லை என்றால், கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும் என்று 2023 உத்தரவு இருக்கிறது. ஒரு துண்டுச் சீட்டில் பெயரை எழுதி அலுவலகத்தில் கொடுங்கள்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில், சாதி பார்த்துக் கூட்டவும் கழுவவும் சமைக்கவும் ஆள் பிரிக்கும் சிறை விதிகளை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. பதிவேட்டில் சாதிக்கென்று இருக்கும் கட்டத்தையே எடுக்கச் சொன்னது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் சாதிவாரியாகத் தொகுதி பிரித்த விவகாரமும் அந்தத் தீர்ப்பில் பேசப்படுகிறது. மோதலைத் தவிர்க்கத்தான் பிரிக்கிறோம் என்ற சமாதானத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. “நீ எந்த ஆளு” என்று கேட்டுவிட்டுக் கக்கூஸ் கழுவ அனுப்புவது இனி எந்த விதியிலும் நிற்காது. அது 17-ஆவது அரசியல் சட்டப் பிரிவு தடைசெய்த தீண்டாமை.

பெண் கைதிகளைப் பெண் ஊழியர்தான் சோதிக்க வேண்டும். ஆறு வயது வரை குழந்தை தாயோடு இருக்கலாம், அந்தக் குழந்தை கைதி இல்லை. சிறை ஊழியர் ஒருவர் தன் பதவியைப் பயன்படுத்திக் காவலில் உள்ள பெண்ணை உறவுக்கு இணங்கவைத்தால், அவர் சம்மதித்தார் என்பது பதிலாகாது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 68-ஆம் பிரிவில் குறைந்தது ஐந்து வருடம். வன்கொடுமை என்றால் 64-ஆம் பிரிவில் குறைந்தது பத்து வருடம், அதிகபட்சம் ஆயுள்.

இல்லாத உரிமைகளும் உண்டு. சிறையில் இருப்பவர் வாக்களிக்க முடியாது, விசாரணைக் கைதிக்கும் அதேதான். பரோல் என்று நாம் சொல்கிற விடுப்பைக் கேட்டு மனுப் போடலாம், கட்டாயம் கிடைக்கும் என்று இல்லை.

இனி உங்கள் பக்கம். சிறைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு: கைதியோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் கூடாது, நேராகவும் கூடாது, ஆள் வைத்தும் கூடாது. 42-ஆம் பிரிவு: தடைசெய்த பொருளை உள்ளே கொண்டுவந்தால் ஆறு மாதம் வரை சிறை. 54-ஆம் பிரிவு: கடமை தவறினால் மூன்று மாதம் வரை. இவை பழைய சட்டத்தின் சிறிய தண்டனைகள். ஒரு செல்போனுக்குக் கை நீட்டினால் ஊழல் தடுப்புச் சட்டத்தில் மூன்று முதல் ஏழு வருடம். முதலில் ஒரு பீடிக்கட்டு, “வீட்டுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லுங்க சார்” என்று இரக்கத்தில்தான் ஆரம்பிக்கும். அதன் பிறகு அவர் சொல்வதை நீங்கள் கேட்டாக வேண்டும். வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றால் சிறையிலேயே முறைப்படி தொலைபேசி வசதி இருக்கிறது, அதற்கு வழி செய்யுங்கள்.

உங்களுக்கான பாதுகாப்பும் எழுத்தில் இருக்கிறது. டூட்டியில் உங்களைத் தாக்கினால் நியாய சன்ஹிதாவின் 121, 132-ஆம் பிரிவுகளில் வழக்கு உண்டு. தற்காப்பு உரிமை எல்லாக் குடிமகனுக்கும் போல உங்களுக்கும் உண்டு. அடித்தவரை ராத்திரி தனியாக “கவனிப்பது” தற்காப்பு இல்லை. புகார் கொடுத்து எஃப்ஐஆர் போடவைக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். அரசியல் சட்டத்தின் 311-ஆவது பிரிவின்படி, குற்றச்சாட்டைத் தெரிவித்து, விசாரித்து, உங்கள் தரப்பைக் கேட்காமல் வேலையிலிருந்து நீக்க முடியாது என்பதே பொது விதி. சஸ்பெண்ட் ஆனாலும் பிழைப்பூதியம் உண்டு. ஆனால் ஒன்றை நம்பி ஏமாறாதீர்கள்: “அரசு அனுமதி இல்லாமல் நம்ம மேல கேஸ் போட முடியாது” என்று சொல்வார்கள். அந்தப் பாதுகாப்பு, அரசின் ஒப்புதலோடுதான் பதவியிலிருந்து நீக்க முடியும் என்கிற நிலையில் இருப்பவர்களுக்கானது. இரண்டாம் நிலைக் காவலர் பொதுவாக அதில் வரமாட்டார்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன், அடிக்கச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்டீர்களே. சிறைச் சட்டத்தின் 54-ஆம் பிரிவைத் திரும்பப் பாருங்கள். சட்டபூர்வமான உத்தரவை மீறினால்தான் குற்றம் என்று அதிலேயே இருக்கிறது. ஒருவரை அடி என்பது சட்டபூர்வமான உத்தரவே இல்லை. வாக்குமூலமோ தகவலோ வாங்க அடித்தால் நியாய சன்ஹிதாவின் 120-ஆம் பிரிவில் ஏழு வருடம் வரை, கொடுங்காயம் என்றால் பத்து வருடம் வரை. மேலதிகாரி வாயால் சொன்னதற்குச் சாட்சி இருக்காது, லத்தியில் உங்கள் கை இருக்கும்.

சண்டை போட வேண்டாம், தம்பி. “சார், இவர் செய்ததை ரிப்போர்ட்டாக எழுதித் தருகிறேன், 46-ல் பாருங்கள்” என்று சொல்லுங்கள். எழுதிக் கொடுங்கள், நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வற்புறுத்தினால் உத்தரவை எழுத்தில் கேளுங்கள். வேறு யாராவது அடித்துவிட்டால், அந்தக் கைதியை டாக்டரிடம் கூட்டிப்போவதும் பாரா புத்தகத்தில் நேரத்தைக் குறிப்பதும் அன்றிரவு உங்கள் டூட்டி. இதனால் உங்களுக்கு ஒரு மாறுதல் வரலாம், ஒரு மெமோ வரலாம். அதை எதிர்த்து வழக்கு நடத்த முடியும். பயிற்சிக்குப் போகும்போது 1983-ஆம் வருடத் தமிழ்நாடு சிறை விதிகள் ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். படித்துவிட்டு எங்கே புரியவில்லையோ அங்கிருந்து மறுபடி கேளுங்கள்.